மொரிஸ் மைனரின் முன்சில்லு: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

கேள்வி: வடமராட்சியில் வசிக்கிறேன். என் தந்தையார் 1972 இல் வாங்கி, இறுதிவரை தாமே ஓட்டிய 1958 ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 கார் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோயிலுக்கும், மாதத்தில் இரண்டொரு தடவை யாழ்ப்பாண நகருக்கும் போய்வருவேன். சில மாதங்களாகக் கார் நேராக ஓடாமல் அலைகிறது. குழியில் இறங்கும்போது முன்பக்கத்தில் ‘டொக்’ என்று அடிக்கிறது. முன்பக்கத்தின் வலது மூலை இடது மூலையைவிட இரண்டு விரல் தாழ்ந்து நிற்கிறது. அந்தப் பக்க ரயரின் உள்விளிம்பும் வேகமாகத் தேய்கிறது. ஒரு கராஜில், அறுபது வருடத்துக்கு மேற்பட்ட கார் என்பதால் முன் சஸ்பென்ஷன் முழுவதையும் புதிதாகப் போட வேண்டும் என்றார்கள். இன்னொருவர், பழைய கார் அப்படித்தான் ஓடும், கிறீஸ் அடித்துவிட்டு ஓடுங்கள் என்றார். ஒரு பாகம் மாற்றவேண்டிய நிலைக்கு வந்துவிட்டதா என்பதை எப்படித் தீர்மானிப்பது? அப்பா செலவுகளை எழுதிவைத்த குறிப்பேடு ஒன்று என்னிடம் இருக்கிறது, அது உதவுமா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் குறைகளில் எதுவும் என்னை உடனடியாகக் கவலைப்படுத்தவில்லை. நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் கவலைப்படுத்துகிறது. முன்சில்லு திரும்பும் அச்சாக நிற்கும் கிங் பின்னையும் அதன் கீழ் முனையைத் தாங்கும் ட்ரனியன் என்ற துண்டையும் கடைசியாக யார், எப்போது அவிழ்த்துப் பார்த்தார்கள் என்பது கடிதத்தில் இல்லை. அது தெரியும்வரை, அல்லது நான் கீழே சொல்லும் பரிசோதனை முடியும்வரை, தயவுசெய்து இந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

இரண்டு கராஜ்காரர்களும் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று நான் எண்ணவில்லை. ஒருவர் காரின் வயதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். மற்றவர் தம் பழக்கத்தை வைத்துச் சொல்கிறார். இருவரில் எவரும் சில்லைத் தூக்கி, பாகத்தைக் கையால் அசைத்துப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. வயது ஒரு குறிப்பு மட்டுமே. ஒழுங்காகக் கிறீஸ் கண்ட 1958 ஆம் ஆண்டுக் கிங் பின் இன்னும் நல்ல நிலையில் இருப்பதையும், போட்டு நான்கு வருடமே ஆன புதிய கிங் பின் கிறீஸ் இல்லாமல் தேய்ந்து முடிந்திருப்பதையும் என் பட்டறையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான் ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு கேள்விகளால் எடைபோடுகிறேன். கெட்டுப்போகும்போது இது முன்கூட்டியே எச்சரிக்கிறதா என்பது முதலாவது. முற்றாக விட்டுப்போனால் கார் என்ன ஆகும் என்பது இரண்டாவது. பாகங்கள் சேரும் இடத்தில் மெத்தைபோல் இருக்கும் இரப்பர் புஷ் மாதக்கணக்கில் தட்டிக்கொண்டே இருக்கும். முழுவதும் போனாலும் கார் கெட்டவிதமாக ஓடுமே தவிர, பெரும்பாலும் வீதியில் விழாது. சொக் அப்சோர்பர் முதலில் ஒயில் கசியும், பிறகு கார் தோணிபோல் ஆடும். பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு தகடு முறிந்தால் மற்றத் தகடுகள் சிறிது காலம் தாங்கும், காரும் சாய்ந்து காட்டிவிடும். இவற்றையெல்லாம் பார்த்து, பணத்துக்கு ஏற்ப ஒழுங்குபடுத்தி மாற்றிக்கொள்ளலாம். மைனரின் கீழ் ட்ரனியன் அந்த வகையில் சேராது. அது பெரும்பாலும் ஒரு சத்தமும் இல்லாமல் தேய்ந்து, ஒருநாள் சில்லைக் கைவிட்டுவிடும்.

ஏன் அப்படி என்பதை விளங்கிக்கொண்டால் பரிசோதனையும் விளங்கும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948 இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அன்று முதல் 1971 வரை எஞ்சின் பலமுறை மாறியது. முன் சஸ்பென்ஷனின் அடிப்படை அமைப்பு மாறவில்லை. காரின் நீளவாட்டில், அடியில், ஒவ்வொரு பக்கமும் ஒரு நீண்ட உருக்குக் கம்பி கிடக்கிறது. அதுதான் ரோர்ஷன் பார். அதன் பின்முனை முன் இருக்கைகளின் கீழே குறுக்குச் சட்டத்தில் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். முன்முனை, சில்லைக் கீழே தாங்கும் கீழ்க் கையைப் பிடித்திருக்கும். சில்லு மேலே ஏறும்போது கம்பி முறுக்கப்படுகிறது, அந்த முறுக்கே ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. மேலே தனியாக ஒரு கை கிடையாது. சொக் அப்சோர்பரின் கையே மேல் கையாகவும் இருக்கிறது. இந்த மேல் கைக்கும் கீழ்க் கைக்கும் நடுவில் கிங் பின் நிமிர்ந்து நிற்கிறது. அதன் இரு முனைகளிலும் திருகாணியில்போல் புரி வெட்டப்பட்டிருக்கும். அந்தப் புரிகள் மேல் ட்ரனியனுக்குள்ளும் கீழ் ட்ரனியனுக்குள்ளும் திருகப்பட்டிருக்கும். நீங்கள் ஸ்ரியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்தப் புரிகளுக்குள் கிங் பின் சுழல்கிறது.

இப்போது பாரம் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். தரை சில்லை மேலே தள்ளுகிறது. ரோர்ஷன் பார் கீழ்க் கையைக் கீழே அழுத்துகிறது. ஆகவே காரின் முன்பாரத்தில் அந்தப் பக்கத்துக்குரிய பங்கு, கீழ் ட்ரனியனைக் கிங் பின்னிலிருந்து கீழ்நோக்கிக் கழற்றப் பார்க்கிறது. அதைத் தடுத்துக்கொண்டிருப்பது அந்தச் சில புரிகள் மட்டுமே. பாரம் எப்போதும் ஒரே திசையில் அழுத்துவதால் தேய்ந்த புரிகூட ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டே நிற்கும்; இடைவெளியைக் கிறீஸ் நிரப்பிவிடும். தட்டுவதற்கு அங்கே சந்தர்ப்பமே இல்லை. கடைசிப் புரியும் விட்டுக்கொடுக்கும்போது சில்லு மட்கார்டின் கீழே மடங்கிப் படுத்துவிடுகிறது. அது பெரும்பாலும் மெதுவாக வளைக்கும்போதோ, முற்றத்தில் பின்னுக்கு எடுக்கும்போதோ நிகழ்வதால் பலர் உயிர் தப்பியிருக்கிறார்கள். வேகத்தில் நிகழாது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பரிசோதிக்கும்போது பெரும்பாலான கராஜ்களில் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள்: ஜக்கியைச் சட்டத்தின் கீழே வைத்துக் காரைத் தூக்கி, தொங்கும் சில்லைப் பிடித்து ஆட்டிவிட்டு, “ஆட்டமில்லை” என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படித் தூக்கினால் ரோர்ஷன் பார் இன்னமும் கீழ்க் கையை அழுத்திக்கொண்டே இருக்கும். தேய்ந்த புரிகள் முன்போலவே ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ள ஆட்டம் வெளியே தெரியாது. ஜக்கியைக் கீழ்க் கையின் கீழே, ட்ரனியனுக்கு இயன்றவரை கிட்டவாக வைத்து, ரயர் தரையிலிருந்து சற்றே விலகும் அளவுக்கு மட்டும் தூக்க வேண்டும். அப்போதுதான் புரியின் மேலிருந்த பாரம் விலகும். பின்சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, சட்டத்தின் கீழே உறுதியான ஸ்ராண்ட் ஒன்றையும் வையுங்கள். பனங்குற்றியையும் கல்லையும் அடுக்கிவிட்டுக் காரின் கீழே தலையைக் கொடுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும்.

பிறகு ரயரின் அடியில் ஓர் அலவாங்கைச் செருகி, ஒருவர் சில்லை மெதுவாக மேலே நெம்பி விட, மற்றவர் ரோர்ச் வெளிச்சத்தில் கீழ் ட்ரனியனும் கிங் பின்னும் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். கிறீஸ் அடிப்பதற்கு முன்னரே இதைச் செய்யுங்கள். கிறீஸ் அடித்தபின் ஆட்டம் குறைந்ததுபோல் தோன்றும். புரி என்பதால் கைக்கு மட்டும் தெரியும் மிகச் சிறிய அசைவு நல்ல நிலையில் உள்ளவற்றிலும் இருக்கலாம். சில்லு எழும்பும்போது பின் தனியாகவும் ட்ரனியன் தனியாகவும் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால், அந்த அசைவு ஒரு மில்லிமீற்றரை நெருங்கினால், நான் மேற்கொண்டு யோசிப்பதில்லை, அவிழ்த்துவிடுவேன். இது என் பட்டறையில் நான் வைத்திருக்கும் எல்லை. இதைவிடக் கண்டிப்பானவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் வாதாட மாட்டேன்.

சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது வரும் அசைவு எங்கிருந்து வருகிறது என்பதில் குழப்பம் வருவதுண்டு. உதவியாளர் ஒருவரை உள்ளே இருத்திப் பிறேக்கை அழுத்தச் சொல்லுங்கள். பிறேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் அது சில்லின் பெயரிங். பிறேக் பிடித்த பின்னும் ஆட்டம் இருந்தால் அது கிங் பின்னிலோ ட்ரனியனிலோ மேல் கையிலோ இருக்கிறது. இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் பெயரிங்கை மாற்றிப் பணத்தை வீணாக்கியவர்கள் பலர்.

ஆனால் நெம்பிப் பார்ப்பது ஒரு முன்னறிவிப்பு மட்டுமே. எவ்வளவு காலமாக அவிழ்க்கப்படவில்லை என்று தெரியாத காரில், ஆட்டம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஒருமுறை கீழ் ட்ரனியன்களை அவிழ்த்துப் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புரியைப் பக்கவாட்டில் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். புதிய புரியின் முகடு தட்டையாக, சிறு அகலத்துடன் இருக்கும். தேயத் தேய அந்த அகலம் குறைந்து, கடைசியில் கத்தி விளிம்புபோல் கூராகிவிடும். முகடு கூராகிவிட்ட பாகத்துக்குப் பழுதுபார்ப்பு கிடையாது. அதை ஒதுக்கிவிட வேண்டும். ட்ரனியனின் உள்ளே இருக்கும் புரி கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஆகவே அதைக் கழுவிய கிங் பின்னின் மேல் கிறீஸ் இல்லாமல் கையால் பாதிவரை திருகி, மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். உலர்ந்த நிலையில் உண்மை தெரிந்துவிடும்.

கிங் பின்னும் ட்ரனியனும் ஒன்றையொன்று தேய்த்துப் பழகியவை. தேய்ந்த பின்னில் புதிய ட்ரனியனைத் திருகினால் புதியதின் ஆயுள் பாதியாகிவிடும். மாற்றுவதென்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கத்தில் வலச்சுற்றுப் புரியும் மறுபக்கத்தில் இடச்சுற்றுப் புரியும் இருப்பதால், இரு பக்கத்துப் பாகங்களையும் ஒரே தட்டில் போட்டுக் கலந்துவிடாதீர்கள். திரும்பப் பூட்டும்போது முழுவதும் திருகி இறுக்கிய இடத்திலேயே விட்டுவிடக் கூடாது. சில்லு இரு பக்கமும் கடைசிவரை திரும்புவதற்குப் புரியில் இடமிருக்கும்படி சற்றுப் பின்திருப்பி வைக்க வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் ஸ்ரியரிங் ஒரு பக்கம் இறுகும்.

கிறீஸைப் பற்றி உங்கள் இரண்டாவது ஆலோசகர் சொன்னது பாதி உண்மை. தேய்ந்ததை அது திருப்பித் தராது. தேயாமல் காப்பது அது ஒன்றே. பழைய கைநூலில் இந்த நிப்பிள்களுக்கு (கிறீஸ் அடிக்கும் வாய்களுக்கு) 1000 மைலுக்கு ஒரு தடவை கிறீஸ் என்றிருக்கிறது. உங்களைப்போல் குறைவாக ஓடுபவர்கள் மைலைப் பார்க்காமல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாம். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை கட்டாயம். அடிக்கும்போது மேலே சொன்னபடி கீழ்க் கையைத் தூக்கிப் பாரத்தை விலக்கிவிட்டு, ஸ்ரியரிங்கை இரு பக்கமும் திருப்பித் திருப்பி, பழைய கறுத்த கிறீஸ் வெளியேறிப் புதியது தெரியும்வரை அடியுங்கள். பாரத்தோடு அடித்தால், தேயும் பக்கத்துக்குள் கிறீஸ் நுழையவே மாட்டாது. நிப்பிள் அடைபட்டிருந்தால் கிறீஸ் வெளியே வழியும். வழிந்ததைத் துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நிப்பிளை மாற்றுங்கள், அது மிக மலிவான பொருள்.

யாழ்ப்பாணத்துக் கார்களில் இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1990 களில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலத்தில், ஸ்ராட் பண்ணுவதற்கு மட்டும் சில துளி பெற்றோலை ஊற்றிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடிய மைனர்களும் ஒஸ்ரின் ஏ-40 களும் பின்னாளில் எஞ்சின் வேலைக்காக எங்களிடம் வந்தன. எஞ்சினைக் கவனித்த அளவுக்கு முன்சில்லை எவரும் கவனித்திருக்கவில்லை. கிறீஸுக்கே வழியில்லாத நாட்களில் யாரைக் குறை சொல்வது? அப்படி வந்தவற்றில் பல கார்களின் கீழ்ப் புரி கூராகிப்போயிருந்தது. உங்கள் காரும் அந்த வருடங்களைக் கடந்து வந்ததுதானே.

தமிழ்நாட்டிலிருந்து இப்பகுதியைப் படிப்பவர்களுக்காக இடையில் ஒன்று. சென்னையில் தயாரிக்கப்பட்ட ஸ்ரான்டர்ட் ஹெரால்டிலும் கீழ் ட்ரனியன் உண்டு. ஆனால் அதற்கு ஊற்ற வேண்டியது 90 கியர் ஒயில், கிறீஸ் அன்று. ஒரு காரின் வழக்கத்தை இன்னொன்றுக்குப் பயன்படுத்தி இரண்டையும் கெடுத்துவிட வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட ‘டொக்’ சத்தத்துக்கு வருவோம். அது பெரும்பாலும் இரப்பரிலிருந்து வருகிறது. கீழ்க் கையின் உள்முனை ஒரு கண் போல்ற்றில் இரப்பர் புஷ் வைத்துப் பூட்டப்பட்டிருக்கும். கீழ்க் கையிலிருந்து முன்நோக்கி நீளும் இழுவைத் தண்டின் முனையிலும் இரப்பர்கள் இருக்கும். மேல் ட்ரனியன் சொக் அப்சோர்பரின் கையோடு சேரும் இடத்திலும் இரப்பர்கள் உண்டு. குழியில் மட்டும் தட்டினால் முதலாவதையும் மூன்றாவதையும் பாருங்கள். பிறேக் பிடிக்கும்போது ஒருமுறை தட்டி, கார் ஒரு பக்கம் இழுத்தால் இழுவைத் தண்டின் இரப்பரைச் சந்தேகியுங்கள். அது தளர்ந்தால் பிறேக்கின் வேகத்தில் கீழ்க் கை முழுவதும் பின்னுக்கு நகரும். கழுவுவதற்கு முன்னரே பார்ப்பது நல்லது. அழுக்குக்கு நடுவில் ஓரிடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தாலோ, பூட்டைச் சுற்றிச் செங்கபிலத் தூள் படிந்திருந்தாலோ, அங்கே இரும்பு இரும்போடு உராய்கிறது. கழுவினால் அந்தச் சாட்சி போய்விடும்.

இரப்பரின் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் இருப்பதாலேயே அதை மாற்ற வேண்டும் என்பதில்லை. எங்கள் வெயிலில் எல்லா இரப்பரும் அப்படி ஆகும். நடுவில் இருக்க வேண்டிய இரும்புப் பின் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், சிறு கம்பியால் நெம்பும்போது இரப்பர் நசுங்காமல் பின் நேரே ஓடி இரும்பில் மோதினால், அல்லது ஒயில் பட்டு இரப்பர் ஊதிக் களிபோல் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் போயிருந்தால் மறுபக்கத்தையும் சேர்த்து மாற்றுவது நல்லது. இரப்பர் மலிவு, கழற்றிப் பூட்டும் கூலிதான் அதிகம். பொலியுரேத்தேன் புஷ்கள் நீடித்து உழைக்கும் என்பது உண்மை. என்றாலும் கண் போல்ற்றுக்கு நல்ல இரப்பரையே நான் விரும்புகிறேன், மெதுவாக ஓடும் குடும்பக் காருக்கு அந்த மென்மை வேண்டும். எதைப் போட்டாலும், இரப்பர் புஷ்ஷின் நட்டைக் கார் தரையில் தன் பாரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். சில்லு தொங்கும்போது இறுக்கினால், கார் இறங்கியதுமே இரப்பர் முறுகி நிற்கும். சில மாதங்களில் கிழிந்துவிடும். புதிய புஷ் உடனே போய்விட்டது என்று சாமானைக் குறை சொல்பவர்களில் பலர் பூட்டிய விதத்தைச் சொல்வதில்லை.

சொக் அப்சோர்பரைப் பொறுத்தவரை, மட்கார்டை அழுத்தி விட்டுப் பார்க்கும் பழைய முறை இதற்கும் பொருந்தும். கார் எழும்பி ஒரேயடியில் அமைய வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் உள்ளே ஒயில் இல்லை அல்லது வால்வு போய்விட்டது. ஒயில் குறைந்தால் சொக் அப்சோர்பருக்குரிய ஒயிலையே விடுங்கள். பிறேக் ஒயில் வேண்டாம். ஆனால் மைனரில் முன் சொக் அப்சோர்பரே மேல் கையும் என்பதை மறக்கக் கூடாது. அதன் அச்சு உடலுக்குள் ஆடினால் சில்லின் சாய்வே மாறும். கையை நெம்பும்போது அச்சு பக்கவாட்டில் அசைந்தால், அல்லது துடைத்த மறுநாளே அச்சின் வாயில் ஒயில் மீண்டும் கசிந்திருந்தால், ஒயில் நிரப்பிப் பயனில்லை; புஷ் மாற்றிப் புதுப்பித்ததைப் போட வேண்டும். அதற்கு முன், அதை உடலோடு பிடித்திருக்கும் நான்கு போல்ற்றுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘டொக்’ சத்தம் அதோடு முடிந்துபோன கார்களும் உண்டு.

வலது மூலை தாழ்ந்திருப்பதும் அந்த ரயரின் உள்விளிம்பு தேய்வதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகளாக இருக்கலாம். கார் தாழும்போது சில்லின் மேற்பகுதி உள்ளே சாய்கிறது. உள்விளிம்பு பாரத்தை வாங்குகிறது. ஓட்டுநர் எப்போதும் இருக்கும் பக்கம் அதுதான், அந்த ரோர்ஷன் பார் கூடுதலாக உழைத்திருக்கிறது. ஆனால் இதற்கு அவசரப்பட்டுப் புதிய பார் வாங்க வேண்டாம். மட்டமான சீமெந்துத் தரையில் காரை நிறுத்தி, நான்கு ரயருக்கும் காற்றைச் சரிபார்த்து, டிக்கியைக் காலிசெய்து, நான்கு மூலைகளின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். கண் போல்ற்றின் புஷ் நசுங்கியிருந்தாலும் கார் தாழும். ஆகவே புஷ்களை மாற்றிய பின்னரே உயரத்தைத் திருத்த வேண்டும். பாரின் பின்முனையில் உள்ள நெம்புகோலை இடம் மாற்றிப் பூட்டி உயரத்தைக் கூட்டலாம். முறுக்கப்பட்ட கம்பியில் பெரிய விசை அடைபட்டிருப்பதால், அந்த வேலையைச் செய்து பழகிய ஒருவரே செய்யட்டும். வலப் பாரையும் இடப் பாரையும் மாற்றிப் போடக் கூடாது, ஒவ்வொன்றும் தன் திசை முறுக்குக்குப் பழகியது. கம்பியின் மேல் குறட்டுத் தழும்போ ஆழமான துருக் குழியோ இருந்தால் மட்டும் அதை மாற்றுங்கள். விரிசல் தொடங்குவது அப்படிப்பட்ட இடத்தில்தான்.

அலைச்சலுக்கு முதலில் ரயரைப் பாருங்கள். முன்னால் றேடியலும் பின்னால் பழைய வகை ரயரும் போட்டிருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். அந்தச் சேர்க்கையே ஆபத்தானது. நான்கையும் ஒரே வகையாக்குங்கள். பழைய வகை ரயருக்குக் கைநூல் சொல்லும் காற்று 22 இறாத்தல்; றேடியலுக்குச் சற்றுக் கூட்டலாம். பிறகு ஸ்ரியரிங்கைச் சில்லோடு இணைக்கும் ரை ரொட் எண்ட்களையும் ஸ்ரியரிங் றக்கைப் பிடித்திருக்கும் பூட்டுகளையும், அடுத்துப் பின்பக்க ஸ்பிரிங்குகளை அச்சோடு பிடித்திருக்கும் யூ-போல்ற்றுகளையும் பாருங்கள். பின் அச்சு ஒரு பக்கம் நகர்ந்தாலும் கார் முன்னால் அலையும் என்பதைப் பலர் நம்ப மறுப்பார்கள். முன்சில்லுகளின் உள்நோக்கம் (இரு சில்லுகளும் முன்பக்கத்தில் சற்று உள்ளே திரும்பி நிற்கும் அளவு) 3/32 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றர். இந்த அளவை மற்ற எல்லா வேலையும் முடிந்த பிறகே சரிசெய்யுங்கள்.

இவ்வளவுக்கும் மேலான ஒன்று இருக்கிறது. ரோர்ஷன் பாரின் பின்முனையைப் பிடித்திருக்கும் குறுக்குச் சட்டத்தின் இரு ஓரங்களும், பின் ஸ்பிரிங்கின் முன்முனை பூட்டப்படும் இடமும் மைனரில் துருவுக்கு முதலில் பலியாகும் இடங்கள். நீங்கள் கடற்காற்று வீசும் பக்கத்தில் இருக்கிறீர்கள்; உவர்க் கிணற்று நீரால் அடியைக் கழுவும் வழக்கமும் எங்களிடம் உண்டு. தார் பூசியிருப்பதைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். சிறிய சுத்தியலால் தட்டுங்கள்; நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உக்கியது மந்தமாகக் கேட்கும். ஸ்குரூ டிரைவரை அழுத்தினால் உள்ளே இறங்குகிறதா என்று பாருங்கள். அங்கே இரும்பு போயிருந்தால் முன் சஸ்பென்ஷனுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். வெட்டி, புதிய தகடு வைத்து முழுமையாக வெல்டிங் செய்த பிறகே மற்றவை. பிடிக்க இடமில்லாத சட்டத்தில் புதிய பாகம் எதைத் தாங்கும்?

சாமான் கிடைக்காது என்ற பயம் வேண்டாம். மைனருக்கு இன்றும் இங்கிலாந்தில் பாகங்கள் கிடைக்கின்றன. 1990 களில் இலங்கையிலேயே இந்தக் காரின் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். மைனரை நாம் எவ்வளவு காலமாக விடாமல் வைத்திருக்கிறோம் என்பதற்கு அதுவே போதும். ஆனால் புதிது என்பதாலேயே நல்லது என்று எடுக்காதீர்கள். கிங் பின்னை ட்ரனியனில் கடையிலேயே கையால் திருகிப் பாருங்கள். தொடக்கத்திலேயே ஆட்டம் இருந்தாலோ, நடுவில் இறுகினாலோ திருப்பிக் கொடுங்கள். கழற்றிய பழைய பாகம் நல்ல நிலையில் இருந்தால், எழுதி ஒட்டி, கிறீஸ் பூசிச் சுற்றி வையுங்கள். அது ஒருநாள் புதியதைவிடச் சிறந்த உதிரியாக இருக்கும்.

ஆகவே இந்த வாரம் சட்டத்தின் துருவையும் கீழ் ட்ரனியன்கள் இரண்டையும் பார்த்துவிடுங்கள். அவை நல்ல நிலையில் இருந்தால் காரை எடுக்கலாம். தட்டும் இரப்பர்களையும் சொக் அப்சோர்பரையும் அடுத்த மாதங்களில் வசதிக்கேற்ப மாற்றலாம். உயரமும் உள்நோக்கமும் கடைசி வேலை. முன்சில்லை அவிழ்த்துப் பூட்டிய பிறகு 500 கிலோமீற்றர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

தந்தையாரின் குறிப்பேடு நிச்சயமாக உதவும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ‘கிறீஸ்’ என்று எழுதியிருக்கிறார், எந்த வருடத்திலிருந்து அந்தச் சொல் குறைகிறது, ‘கிங் பின்’ என்று கடைசியாக எந்தத் திகதியில் வருகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். ட்ரனியனைக் கழற்றினால், கழுவிய புரியைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.